ஏழாவது தட்டின் மூலை

உட்காரச் சொன்ன பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. இடது பக்கம் சாய்ந்தால் டக் என்றது, வலது பக்கம் சாய்ந்தால் இன்னொரு டக். பத்தரைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். பதினொன்று தாண்டி ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. ஆடாமல் இருந்து பார்ப்போம் என்று பூதலிங்கம் இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் வைத்து விறைப்பாக உட்கார்ந்தார். ஆடாமல் இருந்தால் முதுகு வலித்தது. வானத்துக்குக் கலம் அனுப்புகிற இடத்தில் ஒரு பெஞ்சுக்காலுக்கு அட்டையை மடித்து வைக்க ஆளில்லை என்று நினைத்தார், நினைத்த கையோடு அந்தக் கோபத்தையும் விஞ்ஞானி செல்வின்ராஜ் மேலேயே போட்டார். மூடிய கதவுக்குப் பின்னால் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசுவது கிணற்றுக்குள் வாளி மோதுகிற மாதிரி மந்தமாகக் கேட்டது. ஒன்பது பேரும் அவரிடம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான். அதை ஒரு வாரம் முன்னாலேயே செல்வின்ராஜ் பட்டறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஏழாவது தட்டு உங்கள் கையை விட்டுப் போகும்போது, வெட்டுக்குறி இருக்கிற மூலையில் ஏதாவது குழி இருந்ததா? அவ்வளவுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் செல்வின்ராஜ் பெரிய ஆள், பேப்பரில் படம் வரும். இருந்தது என்றால் அவனுடைய மூன்று வருட வேலை மண்ணோடு மண். இத்தனை வருடத்தில் அவன் கழுத்து இவ்வளவு வாகாகத் தன் கைக்கு வந்ததில்லை. வந்திருக்கிறது. கையை நெரிக்கக் கொண்டுபோனால் தன்னுடைய கழுத்தும் கூடவே அகப்படுகிறது. அதுதான் நாலு நாளாகத் தூக்கம் போனதற்குக் காரணம்.

தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு இல்லை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அகலத்தில் சதுரமான அலுமினியத் தகடு. எந்தப் பக்கம் மேல் என்று தெரிய ஒரு மூலையில் மட்டும் சின்ன வெட்டு, அதுதான் வெட்டுக்குறி. பூதலிங்கம் பதினேழு நாள் உட்கார்ந்து தேய்ப்பார். கடைசியில் அதில் முகம் பார்த்தால் முகத்தில் உள்ள மருவில் உள்ள மயிர் தெரியும். அதைக் கலத்துக்கு வெளியே மாட்டி மேலே அனுப்புவார்கள். அங்கே தூசி பறக்கிறதாம். வால் நட்சத்திரம் உதிர்த்துவிட்டுப் போன தூசி, ஐஸ் துணுக்கு, எவன் விட்ட கலத்திலிருந்தோ பெயர்ந்த பெயின்ட் பொருக்கு, எல்லாம். ஒரு சிட்டிகைத் திருநீற்றில் ஆயிரம் பொடி இருந்தால் அதில் ஒரு பொடி அளவு. அது வந்து அடித்தால் தகட்டில் குழி விழும். பட்டறை ஆட்களுக்கு விளங்க வேண்டும் என்று செல்வின்ராஜ் ஒரு தடவை எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னான், மழைத் தூறலில் பைக்கை முறுக்கினால் முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும் இல்லையா, தூறல் அதே தூறல்தான், குத்துவது வேகம். நன்றாகத்தான் சொன்னான். சொல்லத் தெரிந்தவன்தான். அதுவும் பூதலிங்கத்துக்கு எரிச்சலாக இருந்தது. பன்னிரண்டு மாதம் மேலே சுற்றிவிட்டு ஏழாவது தட்டு பாராசூட்டில் கடலில் இறங்கி வந்தது. முப்பத்தொரு குழி. முப்பது குழிக்குள்ளே ஏதாவது ஒட்டியிருந்தது, கல்லுத்தூளோ பெயின்டோ. மூலையில் இருந்த ஒன்று மட்டும், இருப்பதிலேயே பெரியது, உள்ளே கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஐஸ் துணுக்கு அடித்தால் அப்படித்தான் இருக்குமாம். அடித்த நொடியிலேயே ஆவியாகிப் போய்விடும், குழி மட்டும்தான் மிச்சம். வால் நட்சத்திரத்தின் ஐஸ் நம்முடைய தட்டில் அடித்திருக்கிறது என்று செல்வின்ராஜ் எழுதிவிட்டான். குழியின் விளிம்பில் உதடு மடிந்து நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடுமாம், அடிபட்டதா கீறப்பட்டதா என்று. ஆனால் திரும்பி வந்த பெட்டியின் பிடிப்பான் சரியாக அந்த இடத்திலேயே அழுத்தி உதட்டைச் சப்பையாக்கிவிட்டது. போவதற்கு முன்னால் எடுத்த போட்டோவில் அந்த மூலை ஒரு விரல் அகலம் விட்டுப்போயிருந்தது. மிச்சம் சாட்சி பூதலிங்கம் ஒருவர்தான். எட்டாம் வகுப்பு பெயிலான பூதலிங்கம்.

“என்ன வே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள கணக்கா வெறச்சுக்கிட்டு இருக்கேரு?” என்று கேட்டபடி பியூன் ராசமணி டீத் தட்டோடு வந்தான். பட்டறையிலும் சேர்ந்தாற்போல் பத்து வருடம் இருந்தவன், வாய் அடங்காது.

“பெஞ்சு ஆடுது.”

“பெஞ்சா ஆடுது? உமக்குக் கை ஆடுது, பாரும். உள்ள அந்த பெங்களூர்க்காரம்மா இருக்காவ. நளாயினி அம்மா. செல்வின் சாரப் புழிஞ்சு எடுக்காவ. மனுசன் வேத்து ஊத்தி நிக்காரு.”

“வேக்கட்டும்.”

“நல்ல மனசு வே உமக்கு. உம்ம கையிலதான் இருக்காமே எல்லாம். ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லிட்டு வாரும்.” அவன் ஒரு டீயை நீட்டினான். “உமக்கு இல்ல, உள்ள இருக்கவங்களுக்குத்தான். ஒண்ணு கூடுதல் இருக்கு, பிடியும்.”

கூடுதலாக இருந்தால்தான் தனக்கு. டீயை வாங்கிக்கொண்டார். ராசமணி முழங்கையால் கதவைத் தள்ளி உள்ளே போனபோது ஒரு நொடி திரை தெரிந்தது. திரை முழுக்க அந்தக் குழி. பம்புசெட்டுக் கிணறு அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. கிணறு கண்ணுக்குள்ளேயே நின்றது. இதே அறைதான், இதே கதவுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இதே அறையில் இரண்டாவது தட்டைத் துணி விரித்து மேசையில் வைத்திருந்தார்கள். அது மேலே போகவே இல்லை. போட்டோ எடுக்கிற வழக்கம் வராத காலம், போவதற்கு முன்னால் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மூலையில் குழி இருந்தது. செல்வின்ராஜ் அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், மீசை கூட ஒழுங்காக முளைக்காத முகம், பன்னிரண்டு பேர் முன்னால் அதைச் சொன்னான். தமிழில் சொன்னான். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவன் அதை மட்டும் தமிழில் சொன்னான். பாத்திரம் தேய்க்கிற கையில கொடுத்தா இப்படித்தான் வரும். நாலைந்து பேர் சிரித்தார்கள். யார் யார் என்று பூதலிங்கத்துக்கு இன்றைக்கும் பேர் பேராகத் தெரியும், அதில் இரண்டு பேர் செத்தும் போனார்கள், இரண்டு வீட்டுக்கும் அவர் துட்டி கேட்கப் போகவில்லை. அவருடைய அம்மா வடசேரியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். சாம்பலும் தேங்காய்ச் சவுரியும் வைத்துத் தேய்த்து நகம் எல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போன கை. அவனுக்கு அது தெரியாது. தெரியாமல் சொன்னான் என்றால் சரியாகிவிடுமா? தெரியாமல் அடித்தால் வலிக்காதா? என் கையில தப்பில்ல சார் என்று அன்றைக்குச் சொன்னார். திரும்பச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது யாரோ வெளியே இருங்க என்றார்கள். அந்த வருடம் வரவேண்டிய கிரேடு வரவில்லை, அவருக்குப் பின்னால் வந்தவன் தலைமை டெக்னீசியன் ஆனான். அதிலிருந்து செல்வின்ராஜ் வரும் பக்கம் அவர் நடப்பதில்லை. அவனுக்குப் பெண் பிறந்தபோது பட்டறை முழுக்க லட்டு கொடுத்தான், எல்லாரும் தின்றார்கள், அவர் லட்டைக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே கிடந்த நாய்க்குப் போட்டார். நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது. அந்தப் பெண் இப்போது பிளஸ் டூ. தப்பில்லாத கை, தப்பில்லாத கை என்று பத்தொன்பது வருடம் ஒரே சொல்லை மென்றே பல் தேய்ந்துவிட்டது. இரண்டாவது தட்டுக்குப் பிறகு நாலு தட்டு நல்லபடியாகப் போய் வந்தது, எவனும் வந்து உன் கை நல்ல கைதான் என்று சொல்லவில்லை.

டீயில் ஆடை மிதந்தது. விரலால் எடுத்துச் சுவரில் தேய்க்கப் போனவர் நிறுத்தி, வேட்டி நினைப்பில் பேன்ட்டில் தேய்த்தார். மோதிர விரல். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த விரல்தான். தட்டு முடிந்து கையை விட்டுப் போகிற அன்றைக்கு, ஊதிப் பார்ப்பார். வாயால் மெல்ல ஊதினால் தகட்டில் பனி படரும், ஊசி முனை அளவு குறை இருந்தாலும் பனி அந்த இடத்தில் ஒதுங்கிப் படரும். எந்த மெசினை விடவும் அது சுத்தமாகக் காட்டும். ஊதிப் பார்த்து, குறையில்லை என்று ஆன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுப்பார். வீட்டில் காலையில் குளித்துவிட்டு அவரே அரைத்த சந்தனம். வெட்டுக்குறி உள்ள மூலையில் இந்த விரலால் ஒரு பொட்டு. முத்தாரம்மா, பிள்ளை போய்ட்டு நல்லபடியா வரணும். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அழுத்தித் துடைத்துவிடுவார். ஆயுத பூசைக்கு லேத்துக்கும் கிரேனுக்கும் பொட்டு வைக்கிறார்கள், டைரக்டர் காருக்கே வைக்கிறார்கள், அத்தனை தூரம் தனியாகப் போகிற ஒன்றுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி அனுப்புவது? யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரி கனகத்துக்குக் கூடத் தெரியாது. துடைத்த பிறகு ஊதிப் பார்க்க மாட்டார். சாமிக்கு வைத்த இடத்தில் வாயை வைத்து ஊதக் கூடாது, எச்சில் படும். பார்ப்பது முதலில், பொட்டு கடைசியில். எல்லாத் தட்டுக்கும் அப்படித்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தபோது கனகம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, அந்தக் கல்ல இன்னுமா தூரப் போடல, பொரிஞ்சு பொரிஞ்சு மணலா வருது, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து சொல்லுதேன், நெத்தியில வச்சா குத்தலியா, உமக்குத் தோலா தகரமா என்றாள். அவர் சிரித்துக்கொண்டே நெற்றியில் வைத்தார். குத்தியது. என்றைக்கும் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நெற்றியில் விரலை வைத்து லேசாக அழுத்தினார், மணலுக்கு ஒரு இழை பெரிதாக ஒன்று உருண்டது. அப்படியே கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். காபி ஆறுது என்று கனகம் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அந்த உருண்டையைத்தான் நாலு நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறார். அழுத்தித் துடைத்தால் அது தகட்டில் குழி போடுமா? போடும். அலுமினியம் அவ்வளவு மெத்து, அவருக்குத் தெரியாதா? கல் பெயர்ந்து பஞ்சோடு போய்விடும், உள்ளே ஒன்றும் இருக்காது, கழுவி வைத்த மாதிரி இருக்கும். ஏழாவதுக்குப் போட்டதா? தெரியாது. நிஜமாகவே ஐஸ் அடித்திருக்கவும் கூடும். மூலையில் பெரிய குழி. அதே மூலையில்தான் பொட்டு. இரண்டாவது தட்டிலும் அதே மூலை. இங்கே வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றுவிடும், திரும்பப் பெஞ்சுக்கு வரும், டக் என்று சாயும், மறுபடியும் முதலிலிருந்து கிளம்பும். சொல்லிவிட்டால் செல்வின்ராஜ் விழுந்தான். பத்தொன்பது வருடம் காத்திருந்தது அதற்குத்தானே. ஆனால் என்ன சொல்லி விழ வைப்பது? என் கையில தப்பு என்று சொல்லி. அவன் அன்றைக்குச் சொன்னது சரி என்று, அதே அறையில், தன் வாயாலேயே. சொல்லாமல் இருந்தால் தன் கை சுத்தம், கல்லுக்கு வாயில்லை, கனகத்துக்கு விவரம் தெரியாது, அவன் மாலை போட்டுக்கொண்டு பேப்பரில் நிற்பான். பிறகு வெளிநாட்டுக்காரன் எவனாவது வந்து நோண்டி இது ஐஸ் இல்லை என்றால் மொத்த ஊரும் காறித் துப்பும், அவன் முகத்தில். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் துப்புவது ஐஸுக்காக இல்லை, தன் சந்தனத்துக்காக என்று தனக்கு மட்டும் தெரியும். சீ. அஞ்சு மாதத்தில் ரிட்டயர்மென்ட். பல்லு வலி என்று லீவு போட்டிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றின, ஒன்று மட்டும் நின்றது. அது ஏன் நிற்கிறது என்று அதன் மேலும் கோபம் வந்தது.

கதவு திறந்தது. செல்வின்ராஜ்தான் வந்தான். நாற்பத்துமூன்று வயது, முன் தலை ஏறிவிட்டது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வந்து பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்தான். பெஞ்சு அவன் பக்கம் டக் என்று சாய்ந்தது.

“ரொம்ப நேரமாக் காக்க வச்சிட்டோம், அண்ணாச்சி. மன்னிக்கணும்.”

“இருக்கட்டும் சார்.”

“இன்னும் பத்து நிமிசம். வேற ஒண்ணும் இல்ல, நீங்க எப்படிச் சோதிப்பீங்க, ஊதிப் பாக்கிறது, அதச் சொல்லுங்க. அந்தம்மா அதத்தான் கேக்கணும்னாங்க.” அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையால் துடைத்தான். “உங்க கால் வலி எப்படி இருக்கு? நம்ம பட்டறை மாடிப்படி வேற ஒசரம்.”

“கால் வலி எனக்கில்ல சார். வீட்டுக்காரிக்கு.”

“அப்படியா. யாரோ சொன்னாங்க.” சிரித்தான். “இந்த ரூமுக்கு நீங்க முன்னால வந்திருக்கீங்களா? ஏசி கொஞ்சம் கூடுதல், துண்டு இருந்தா போத்திக்கிடுங்க.”

முன்னால் வந்திருக்கிறீர்களா. கேட்டுவிட்டு எழுந்து போனான், பெஞ்சு திரும்ப இந்தப் பக்கம் சாய்ந்தது. இந்த அறைக்கா, முன்னாலா? அவன் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கள்ளம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். அவன் சொன்னது அவனுக்குள் எங்கேயும் இல்லை. சொன்ன நொடியிலேயே ஆவியாகிப் போயிருக்கிறது. ஒருத்தன் நெஞ்சில் கிணறு மாதிரி கிடக்கிறது, எறிந்தவனிடம் போய்க் கேட்டால் எந்தக் கிணறு என்கிறான். பத்தொன்பது வருடமாக அவன் வரும்போதெல்லாம் சுற்றுப் பாதையில் நடந்தோமே, அதை அவன் ஒரு நாளாவது கவனித்திருப்பானா? லட்டைத் தின்னவில்லை என்று தெரிந்திருக்குமா? நாய்க்குத்தான் தெரியும். யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் இத்தனை நாள்? சொல்லத்தான் வேண்டும் என்று அப்போது தோன்றியது. உண்மை என்பதற்காக இல்லை. அவன் மறக்க முடியாத மாதிரி ஒன்று அவன் மேல் பட வேண்டும் என்பதற்காக.

“பூதலிங்கம் அண்ணாச்சியக் கூப்பிடுதாவ,” என்றான் ராசமணி.

உள்ளே குளிர்ந்தது. நாற்காலி போட்டிருந்தார்கள், அன்றைக்கு நின்றுகொண்டிருந்த இடத்தில். நளாயினி அம்மா நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தாள். உட்காருங்க ஐயா என்றாள். திரையில் கிணறு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் நின்ற செல்வின்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழிலேயே சொன்னான். “மேடம், இவர்தான். இவர் கை பட்ட தட்டுல ஒரு கீறல் இருக்காது. நான் சேர்ந்த நாள்லேர்ந்து பாக்கேன். இந்தக் கையை நம்பித்தான் நான் எழுதியிருக்கேன்.”

பூதலிங்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தை. எத்தனையோ ராத்திரி அதை அவன் வாயிலிருந்து வரவழைத்துக் கேட்டிருக்கிறார், இதே அறையில், இத்தனை பேர் முன்னால், இதே தமிழில். வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம். இல்லை சார், குழி ஒண்ணும் இல்ல, ஊதிப் பாத்தேன், என்று சொன்னால் போதும். அதில் பொய் கூட இல்லை, ஊதிப் பார்த்தபோது இல்லைதான். வார்த்தை பந்தியில் வைத்த பாயசம் மாதிரி முன்னால் இருக்கிறது. ஆனால் அதில் மணல் கிடப்பது தனக்கு மட்டும் தெரிகிறது. வாயில் வைத்தால் நறநறவென்றுதான் இருக்கும், சாகிற வரைக்கும். ஒரு நல்ல வார்த்தையைக் கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத பய.

“தட்டு உங்க கையை விட்டுப் போகும்போது இந்த மூலை சுத்தமா இருந்ததா, ஐயா?”

“ஊதிப் பாத்தப்ப சுத்தம்,” என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “அதுக்குப் பெறவு சந்தனம் வச்சேன்.”

யாரோ சிரித்தார்கள். நளாயினி அம்மா சிரிக்கவில்லை. எங்கே என்று கேட்டாள். அவர் எழுந்து போய்த் திரையில், கிணற்றின் மேலேயே மோதிர விரலை வைத்தார். சொன்னார். கல், பொரிவது, பஞ்சு, அழுத்தித் துடைப்பது, துடைத்த பிறகு ஊதாதது, ஏன் ஊதாதது. கோத்துச் சொல்ல வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. ஐஸாவும் இருக்கலாம் சார், கல்லாவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, என்றார். ஓரத்தில் இருந்தவர்கள் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். செல்வின்ராஜ் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். அவன் முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை வருடம். பார்த்தார். களைத்துப்போன ஒருவனின் முகமாகத்தான் இருந்தது. சந்தோசம் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தார். வரவில்லை.

“எழுதிக் கொடுத்திருங்க ஐயா. தமிழ்லயே,” என்றாள் நளாயினி அம்மா. வெள்ளைத் தாள் ஒன்று வந்தது. பேனா யாரிடமும் இருக்கவில்லை, எல்லாரிடமும் கம்ப்யூட்டர். கடைசியில் செல்வின்ராஜ்தான் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பூதலிங்கம் எழுத்துக் கூட்டி எழுதினார். ஏழாவது தட்டில் வெட்டுக்குறி மூலையில். கை வேர்த்துத் தாளில் ஒட்டியது. நாலு வரி முடிந்ததும் நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“ரெண்டாவது தட்டுக்கும் அதே கல்லுதான். அதையும் எழுதணும்லா?”

அறையில் யாருக்கும் புரியவில்லை. செல்வின்ராஜ் மட்டும் தலையைத் தூக்கினான். அவரை வெகுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் எதுவோ மெல்லத் திரும்பி வருவது தெரிந்தது. காது ஓரம் சிவந்தது.

“அது வேண்டாம், அண்ணாச்சி,” என்றான் மெதுவாக. “அது என்னைக்கோ முடிஞ்சு போச்சு.”

முடிந்து போச்சா? பூதலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யாருக்கு முடிந்தது? முடிந்தது என்று சொல்ல இவன் யார்? விட்டுக் கொடுக்கிறானா, பெரிய மனுசன்? ஆறுதல் சொல்கிறானா, தனக்கு? அவர் பேனாவை இறுக்கிப் பிடித்துக் குனிந்தார். ஒரு வரி இடம் விட்டு, மற்றதை விடப் பெரிய எழுத்தில், ‘இரண்டாவது’ என்று தொடங்கினார். ‘ண்’ணா ‘ன்’னா என்று ஒரு கணம் நின்று, ஒன்றை முடிவு செய்து மேலே போனார். தேதி எழுதினார், அன்றைக்கு அறையில் இருந்த பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுதத் தொடங்கினார். நளாயினி அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் மூன்றாவது பெயரில்தான் இருந்தார்.